மதிப்பெண் பட்டியலும் ஆய்வுக்கூடமும்

காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி போன்ற ஒரு கல்லூரிக்கு, சோதனை இயற்பியலில் தேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் தேவை என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறை 100 மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை தருகிறது. இளநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 21, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 25, இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் (ஜே.ஆர்.எஃப்.) தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) தேறியவருக்கு 10, அனுபவத்துக்கு 10, விருதுகளுக்கு 3. ஆய்வுக் கட்டுரைகளுக்கு வெறும் 6. அதாவது கட்டுரைக்கு 2 வீதம், மூன்று கட்டுரைகளோடு கணக்கு முடிந்துவிடும்.

இந்த அட்டவணையை எளிதில் தள்ளிவிட முடியாது. சிபாரிசு பிடிக்க ஆளில்லாத நெசவாளர் வீட்டுப் பிள்ளை, தனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று தானே கூட்டிப் பார்க்கலாம். குறைத்துப் போட்டால் ஏன் என்று கேட்கலாம். அந்த உரிமை பெரிது.

ஆனால் அது அளப்பது எதை? நூற்றில் 46 மதிப்பெண், இருபத்துமூன்று வயதுக்குள் எழுதி முடித்த தேர்வுகளுக்குப் போகிறது. வெற்றிடக் கலம் ஒன்றைத் தானே வடிவமைத்து, எங்கே காற்று கசிகிறது என்று மாதக்கணக்கில் தேடி, மாதிரிகளைத் தன் கையால் தயாரித்தவரின் உழைப்புக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அத்தகையவரின் கட்டுரைகள் தாமதமாகத்தான் வரும். கருவியைக் கட்டி முடித்த பிறகுதானே அளவீடே தொடங்கும்!

இதைவிட என்னை உறுத்துவது அடுத்த கட்டம். அட்டவணை நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. இறுதித் தேர்வு முழுக்க நேர்காணலைப் பொறுத்தது. கையால் வேலை செய்தவரை வாசலிலேயே நிறுத்திய எண்கள், உள்ளே போனதும் செல்லாமல் போகின்றன. கூட்டிப் பார்க்கும் உரிமையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு: இயற்பியலாளர் சி.வி. ராமனிடம் முனைவர் பட்டம் இல்லை. 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அவர் போக மறுத்தார், நிபந்தனை தளர்த்தப்பட்டது. நிதித்துறை அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அவர் செய்துவந்த சோதனைகளை, அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி அறிந்திருந்தார். எல்லா இடத்திலும் ஒரு முகர்ஜி இருக்கமாட்டார் என்பதால்தான் அட்டவணை வேண்டும் என்கிறேன். ஆனால் வேலையை நேரில் பார்ப்பதற்கு அது தடையாகிவிடக் கூடாது. நேர்காணலின்போது கருத்தரங்க உரையோ வகுப்போ எடுக்கச் சொல்ல விதிமுறையே இடம் தருகிறது. அதோடு அரை நாள் ஆய்வுக்கூடத்தில் விட்டு, பழுதான கருவி ஒன்றைக் கொடுத்து, எப்படி யோசிக்கிறார் என்று பார்க்கலாம். அதற்கும் மதிப்பெண் போட்டு, அதை வெளியிடலாம்.

நல்லவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது. உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா ஓட்ட மறுபக்கம் இன்னொருவர் வேண்டும். சோதனையாளருக்கும் தொழில்நுட்ப உதவியாளர் அப்படித்தான். இன்று இளம் ஆசிரியருக்குக் கிடைப்பது வாரம் 16 மணி நேர வகுப்பு. மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தரும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் (ஏ.என்.ஆர்.எஃப்.) பிரதமர் இளம் ஆய்வாளர் நிதிக்கு நாடு முழுவதுமுள்ளவர்களோடு போட்டியிட வேண்டும். அது கிடைக்கும்வரை காத்திருக்க வைக்காமல், பணி ஆணையிலேயே ஓர் அறையும் ஓர் உதவியாளரும் சிறு தொடக்கத் தொகையும் எழுத்தில் இடம்பெற வேண்டும்.