கடன் சங்கத்தில் உழவரின் இருக்கை: வைத்தியநாதன் குழு அறிக்கையைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வாசித்தல்

பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் நாளில் மதகு திறப்பது கம்பம் பள்ளத்தாக்கின் வழமை. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்நீரை நம்பியுள்ளது. நாற்றங்கால், உழவு, நடவுக்கூலி, அடியுரம் ஆகிய செலவுகள் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அந்த வாரங்களுக்குள் கைக்கு வரும் கடனே பயிர்க்கடன். ஆகஸ்டில் வருவது வேறு கடன். அது பெரும்பாலும் வட்டிக்கடைக்காரருக்குப் போய்ச் சேரும். இக்கால நெருக்கடியை அறிந்த உழவர்களே கடன் வழங்கும் குழுவில் அமர வேண்டும் என்பதுதான் கூட்டுறவுக் கடனின் அடிப்படை வாதம். அவ்வாறு அமர்ந்த உழவரை இந்தியக் கூட்டுறவுச் சீர்திருத்தத்தின் தலையாய ஆவணம் எவ்வாறு காண்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

அந்த ஆவணம், பொருளியல் அறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையில் 2004இல் அமைக்கப்பட்டு 2005இல் அறிக்கை அளித்த ஊரகக் கூட்டுறவுக் கடன் நிறுவனங்களின் புத்துயிர்ப்புக்கான பணிக்குழுவினுடையது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வைத்தியநாதன், தென்னிந்திய ஏரிகள் குறித்த நூலைப் பதிப்பித்தவர். பாசனத்தை உள்ளூரார் எவ்வாறு ஆண்டனர் என்பதைக் கூர்ந்து கற்றவர். இந்தப் பின்னணியை வாசகர் நினைவில் கொள்வது நல்லது.

அறிக்கையின் நோயறிதல்

அறிக்கையின் முதன்மைத் தீர்ப்பு துணிவானது. கூட்டுறவுக் கடன் அமைப்பின் நலிவுக்கு மூலகாரணம் உழவரின் நாணயக்குறைவு அன்று, ஆளுகையின் சீர்கேடு என்று அது கூறுகிறது. பங்குதாரர், மேலாளர், நெறியாளர், கண்காணிப்பாளர், தணிக்கையாளர் ஆகிய எல்லா வேடங்களையும் மாநில அரசே ஏற்றுக்கொண்டதைச் சுட்டுகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் அளவீட்டுக் குழு 1954இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3 விழுக்காட்டளவே. அதைப் பெருக்க அரசே பங்கு முதலிட வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பங்கோடு அதிகாரமும் வந்தது. வைத்தியநாதன் குழு அவ்வழியைத் திருப்ப முயன்றது. அரசின் பங்கு 25 விழுக்காட்டுக்கு மிகாமலும், குழுவில் அரசு நியமனம் ஒருவருக்கு மிகாமலும் இருக்கவேண்டும். நிதி, நிருவாகம் இரண்டிலும் சங்கத்திற்குத் தன்னாட்சி வேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடக்கவேண்டும் என்றது. இவற்றோடு 14,839 கோடி ரூபாய் மதிப்பிலான புத்துயிர்ப்பு நிதியுதவியையும் கணக்கிட்டுத் தந்தது.

இதுவரை அறிக்கையோடு முரண்பட ஒன்றுமில்லை. சிக்கல் அதன் அடுத்த அடியில் எழுகிறது. கடன் வாங்குவோரே ஆளும் அமைப்பாகச் சங்கங்கள் குறுகிவிட்டன, சேமிப்போரின் நலன் காக்க ஆளில்லை என்று அறிக்கை வாதிடுகிறது. எனவே வைப்பாளருக்கு முழு வாக்குரிமை, குழுவில் துறைவல்லுநர் என்ற பரிந்துரைகள் வருகின்றன. கணக்கியல் நோக்கில் இது சரியே. எனினும் இவ்வாதத்தில் உழவர் இரண்டே வடிவங்களில் தோன்றுகிறார்: கடன் வாங்குபவர், வாக்களிப்பவர். முன்னவராக அவர் ஐயத்துக்கு உரியவர். பின்னவராக மதிப்புக்கு உரியவர். மூன்றாம் வடிவம் ஒன்று உண்டு. அண்டை நிலத்தை அறிந்தவர் என்ற வடிவம் அது. ஏரிகளைப் பற்றி எழுதிய அறிஞரின் குழு, உழவரின் இவ்வடிவத்துக்கு உரிய இடத்தைத் தராதது வியப்பளிக்கிறது.

ஏனெனில் கூட்டுறவுக் கடன் இம்மண்ணுக்கு வந்ததே அந்த அறிவை நம்பித்தான். சென்னை மாகாண அரசுக்காகப் பிரடரிக் நிக்கல்சன் 1890களில் அளித்த அறிக்கை, செர்மனியின் ரைப்பைசன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. ஒரே ஊரார், ஒருவரையொருவர் அறிந்தோர், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்பதே அச்சங்கங்களின் உயிர்நாடி. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதே ஆண்டு திரூரில் முதற்சங்கம் பதிவானபோது, ஈடாக வைக்கப் பொருளில்லாதவனின் குணமும் உழைப்பும் ஈடாகும் என்ற நம்பிக்கையும் உடன் பதிவாயிற்று.

பள்ளத்தாக்கு அறிந்தது, மனு கேட்பது

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த அறிவு எத்தகையது? கூடலூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பகுதிகளில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சை நெல்லைப் போன்றதன்று. கல்தூணும் கம்பியும் நிறுத்திப் பந்தல் அமைக்கப் பெருமுதல் வேண்டும். கவாத்து செய்த நாளைப் பொறுத்து அறுவடை வரும். பழம் முதிரும் வேளையில் பெய்யும் மழை ஒரே இரவில் கணக்கை மாற்றிவிடும். அடுத்தடுத்த இரு தோட்டங்களில் ஒன்று கவாத்து முந்தியதால் தப்பியிருக்கலாம், மற்றொன்று பழம் வெடித்து அழிந்திருக்கலாம். தவணை தவறிய இருவரில் யார் இயலாதவர், யார் ஏமாற்றுபவர் என்பதை அத்தெருவில் வாழும் உழவரே அறிவார்.

போடிப் பக்கம் வேறொரு நிலை. ஏல வணிகத்தின் மையம் போடிநாயக்கனூர். ஏலம் விளைவதோ பெரும்பாலும் மலைமேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வீடும் உறவும் வரவுசெலவும் தேனி மாவட்டத்தில், தோட்டம் அண்டை மாநிலத்தில் என்று வாழும் குடும்பங்கள் பல. ஊர் எல்லையை ஆள்வரையாகக் கொண்ட சங்கத்தின் கண்ணுக்கு அந்தத் தோட்டம் தெரியாது. ஆனால் ஏலம் விலை சரிந்த ஆண்டில் கீழ்நாட்டு நெற்கடனும் நிலுவையாகும் என்பதைக் குழுவில் உள்ள உழவர் ஊகித்துவிடுவார்.

எல்லாவற்றினும் மேலானது குத்தகை. பள்ளத்தாக்கின் நன்செயில் உழுபவரும் பட்டாதாரரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. வாய்மொழிக் குத்தகைக்கு எழுத்தில்லை. கடன்மனுவோ சிட்டாவும் அடங்கலும் கேட்கிறது. இரண்டும் வருவாய்த்துறையின் ஆவணங்கள். யார் உண்மையில் உழுகிறார் என்பதைக் குழுவில் உள்ள அனைவரும் அறிந்திருந்தாலும் அந்த அறிவுக்கு மனுவில் மதிப்பில்லை. கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்துக்கு மதிப்புண்டு. நிலமற்ற தலித் குத்தகையாளர் இதில் முதலில் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. அரசமைப்பின் 97ஆம் திருத்தம் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு ஓரிடமும் பெண்களுக்கு ஈரிடமும் ஒதுக்கியது. அவ்விடங்களில் அமர்வோர் தம் பகுதியின் பட்டா இல்லாத உழவருக்காக என்ன தீர்மானிக்க இயலும் என்ற வினாவை அத்திருத்தம் எழுப்பவில்லை.

குழுவின் கையில் எஞ்சுவது எது? ஏக்கருக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு வகுக்கிறது. அதில் முன்னோடி உழவர் சிலர் அமர்வதுண்டு எனினும் அது சங்கத்தின் முடிவன்று. வட்டியையும், தவணை தவறாதோருக்கான வட்டிச் சலுகையையும் அரசுகள் வகுக்கின்றன. கடனுக்கான நிதி மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து வரவேண்டும். ஈடின்றி வழங்கத்தக்க வேளாண் கடனின் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி வகுக்கிறது. 2025 ஜனவரி முதல் அது 2 இலட்சம் ரூபாய். நகைக்கடனில் பொன்னே பேசுகிறது. மதிப்பீட்டாளரின் உரைகல் போதும், உழவரின் அறிவு வேண்டியதில்லை. எவ்வளவு, எப்போது, என்ன வட்டிக்கு, எந்த ஈட்டில் என்ற நான்கும் மேலிருந்து வந்துவிட்டால் குழுவுக்கு மிஞ்சுவது ‘யாருக்கு’ என்ற ஒன்றுதான்.

என் வாதத்தின் மையம் இதுவே. ஆட்களைத் தெரிவு செய்வதைத் தவிர வேறெதையும் தீர்மானிக்க இயலாத குழுவில், ஆட்களைச் சுற்றிய அரசியலே நடக்கும். சாதி, கட்சி, உறவு ஆகியவை அங்கு வெளியிலிருந்து வந்து புகுந்த நோய்கள் மட்டுமல்ல. அதிகாரத்தின் வடிவமே அவற்றை அழைக்கிறது. நிருவாகக் குழுக்களின் சார்புநிலையைக் குற்றமாகக் கூறுவோர் இந்தக் காரணகாரியத் தொடர்பைத் தலைகீழாக வாசிக்கின்றனர்.

ஐயத்தின் வரலாறு

உறுப்பினரை ஐயத்தோடு நோக்கும் பழக்கத்துக்கு இப்பகுதியில் கூர்மையான முன்வரலாறு உண்டு. குற்றப் பழங்குடிச் சட்டப் பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்காலந்தொட்டு விரிந்த கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகளோடு கூட்டுறவுச் சங்கங்களையும் அமைத்தது. சிக்கனமும் கடனும் அங்கு ஆளைத் திருத்தும் கருவிகளாயின. உறுப்பினர் ஒரே வேளையில் பயனாளியும் கண்காணிக்கப்படுபவரும் ஆனார். அப்பள்ளிகள் ஈட்டிய நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் சங்கம் என்பது அரசு நமக்காக நடத்துவது என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இன்றைய சட்டத்திலும் அந்தப் பார்வை மறையவில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவு விசாரணைக்கும், 87ஆம் பிரிவு தண்டத்தீர்வைக்கும், 88ஆம் பிரிவு குழுவைக் கலைப்பதற்கும் உரியவை. சங்கத்துக்கு நேர்ந்த இழப்பைக் குழு உறுப்பினரிடமிருந்து நேரடியாக வசூலிக்க 87 வழிவகுக்கிறது. கையாடலைத் தடுக்க இத்தகைய விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தராசின் இரு தட்டுகளையும் பார்க்கவேண்டும். அதிகாரம் ‘யாருக்கு’ என்ற அளவில் சுருங்கியிருக்க, பொறுப்போ சொந்தச் சொத்து வரை நீள்கிறது. செயலாளர் எழுதிவைத்த தீர்மானத்தில் கையொப்பமிடும் உழவர், தாம் வகுக்காத விதிக்கும் தாம் எழுதாத வரிக்கும் ஈடு நிற்கிறார். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் தீர்வைப் பாக்கிக்காக வீட்டுக்கதவு பறிபோவதைத் தமிழ்ப் புனைகதை காட்டியுள்ளது. தீர்மானப் புத்தகத்தின் முன் பேனாவோடு தயங்கும் உழவரை, என் வாசிப்புக்கு எட்டியவரை, அது இன்னும் காட்டவில்லை.

கடன் தள்ளுபடிகள் இந்த இருக்கையை மேலும் வெறுமையாக்கின. 2016இல் சிறு, குறு உழவரின் 5,780 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடனும், 2021இல் 16.43 இலட்சம் உழவரின் 12,110 கோடி ரூபாய்க் கடனும் தள்ளுபடி என அறிவிக்கப்பட்டன. வறட்சியாலும் விலைச்சரிவாலும் நொடித்தவருக்கு அவை உயிர்மூச்சு. அவற்றை ஊதாரித்தனம் என்று எளிதாக ஒதுக்கும் நகர்ப்புறத் தலையங்கங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முடிவு தலைமைச் செயலகத்தில் எடுக்கப்பட்டது. ‘தவணை தவறாதே’ என்று முந்தைய மாதம் அண்டை வீட்டுக்குச் சென்று சொன்ன குழு உறுப்பினர் மறுமாதம் எந்த முகத்தோடு அத்தெருவில் நடப்பார்? வெடித்த திராட்சைக்கும் வேண்டுமென்றே நிறுத்திய தவணைக்கும் இடையே வேறுபாடு காணக்கூடியவர் அவர். தள்ளுபடி அரசாணைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது ஏக்கரையும் தேதியையுமே அறியும்.

தேர்தல் நடந்தால் மட்டும் போதுமா?

வைத்தியநாதன் குழுவின் பரிந்துரை அரசமைப்புத் திருத்தமாக 2012இல் நடைமுறைக்கு வந்தது: ஐந்தாண்டுப் பதவிக்காலம், கலைப்புக்குக் கால வரம்பு. தமிழ்நாட்டில் 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் 2001இல் போயின. அடுத்த குழுக்கள் நிலைபெற 2013 ஆயிற்று. அதன்பின் 2018. அக்குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இதற்கிடையே 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தப் பகுதி செல்லாது என்றது. கூட்டாட்சி நோக்கில் நியாயமான தீர்ப்பு. உழவரின் இருக்கைக்கோ அது ஒரு கவசத்தை அகற்றியது.

2022 ஜனவரியில் பதவிக்காலத்தை ஐந்திலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கும் முன்வடிவைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது நடந்த விவாதமும் காலத்தைப் பற்றியதே: எவ்வளவு நாள், எந்தக் கட்சியின் குழு, யார் கலைப்பது. ஒன்றிய அரசு 2021இல் தனி அமைச்சகம் தொடங்கிச் சங்கங்களைக் கணினிமயமாக்கத் தொடங்கியபின் உரையாடல் கணக்குமுறை பக்கம் சாய்ந்துள்ளது. இருக்கையின்முன் வைக்கப்படும் மேசையில் என்ன இருக்கும் என்பதை இவற்றுள் எதுவும் கேட்கவில்லை.

கேட்டால் கிடைக்கக்கூடிய விடைகள் பெரியவை அல்ல. இந்தப் புலத்தில் இந்தப் போகத்தை உழுபவர் இவர் என்று குழு தன் பொறுப்பில் சான்றளிக்கவும் அச்சான்றை வங்கி ஏற்கவும் துணைவிதியில் ஒரு வரி சேர்க்கலாம். பயிர் அழிந்தவரின் தவணையை, வரம்புக்குட்பட்ட தொகைக்கு, குழுவே ஒத்திவைக்கலாம். சான்று பொய்யானால் 87 இருக்கவே இருக்கிறது. தான் அறிந்து சொன்ன சொல்லுக்குத் தண்டத்தீர்வை ஏற்பதை உழவர் அநீதி என்று கூறமாட்டார். அறிக்கை கோரிய தன்னாட்சிக்குள் இத்தகைய அதிகாரங்களும் அடங்கும் என்று அதன் ஆதரவாளர் வாதிடக்கூடும். அடங்கலாம். ஆனால் அறிக்கை அவற்றின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்லாத அதிகாரத்தை எந்தப் பதிவாளர் அலுவலகமும் தானாக இறக்கிவைத்ததில்லை.