சுயாதீனமும் சம்பளமும்: கிளார்க், சுஜாதா ஆகியோரின் தொழினுட்ப எழுத்துப் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்ந்தோர் நாவலையும் சிறுகதையையும் விரிவாக நோக்கியுள்ளனர். கட்டுரையையும் ஓரளவு நோக்கியுள்ளனர். இயந்திரத்தையும் கணினியையும் பொதுவாசகனுக்கு விளக்க எழுந்த உரைநடையோ திறனாய்வின் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கிறது. அது பாடநூலுக்குரியது, அன்றேல் வார இதழின் பக்கத்தை நிரப்புவது என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெழுத்தை எழுதுபவன் யார், அவன் எதனால் வயிறு வளர்க்கிறான் என்ற வினாவை எழுப்பினால் அதன் வடிவம் பற்றியும் சில உண்மைகள் புலனாகும்.

2008ஆம் ஆண்டில் இருபத்தொரு நாள் இடைவெளியில் இருவர் மறைந்தனர். பெப்ரவரி 27இல் சென்னையில் சுஜாதா. மார்ச் 19இல் கொழும்பில் ஆதர் சி. கிளார்க். இருவரும் மின்னணுத் துறையிற் பணியாற்றியவர்கள். இருவரும் புனைகதையால் பெரும் புகழ் ஈட்டியவர்கள். ஆயின், ஒருவர் வேலையைத் துறந்து எழுத்தையே நம்பினார்; மற்றவர் ஓய்வுபெறும்வரை வேலையை விடவில்லை. இவ்வேறுபாடு அவர்தம் வாக்கியங்களிலும் பதிந்துள்ளது என்பதே என் துணிபு.

கிளார்க் இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையில் ராடார்த் துறையிற் பணியாற்றியவர். அப்பணியில் இருந்தபோதே, 1945இல், ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் செய்மதித் தொடர்பு பற்றிய கட்டுரையை எழுதினார். புவிக்கு அண்மையில் செல்லும் செய்மதி ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடிக்கும். தூரம் கூடக் கூடச் சுற்றுக்காலமும் கூடும். மத்திய கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் அது ஒரு நாளளவாகும். ஆகவே அவ்வுயரத்திலுள்ள நிலையம் வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய மூன்று போதும், உலகம் முழுவதற்கும் செய்தி அஞ்சல் செய்யலாம். இங்கே வியப்புக்குரிய சொல் ஒன்றேனும் இல்லை. எண்களே வியப்பை விளைக்கின்றன. அந்நிலையங்களில் மனிதர் தங்கியிருப்பர் என்று அவர் கருதியது பிழையாயிற்று. வால்வுகள் எரிந்துபோகும் காலத்துப் பொறியாளர் ஒருவரிடம் தோன்றக்கூடிய பிழை அது. வேலைக்களத்தின் வாசனை அதில் உண்டு.

பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பட்டம் பெற்று, அறிவியற் சுருக்கங்கள் வெளியிடும் இதழொன்றில் துணையாசிரியராயிருந்தார். 1951இல் வெளிவந்த விண்வெளி பற்றிய அவரது நூல் அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் மாதாந்த நூற்கழகமொன்றால் தெரிவுசெய்யப்பட்டது. அதன்பின் அவர் சம்பளத்தை நாடவில்லை. 1956இல் இலங்கையில் குடியேறிய பின்னரும் அவரது வாசகர் இலண்டனிலும் நியூயோர்க்கிலுமே இருந்தனர். சுயாதீன எழுத்தாளன் என்ற நிலை அவருக்கு வாய்த்தமைக்குத் துணிவு மட்டும் காரணமன்று. ஆங்கிலச் சந்தையின் பரப்பும் காரணம். முழு நேரமும் கையிலிருந்தமையால் ஒரு கருத்தை நூலளவுக்கு விரித்துச் செல்ல அவரால் இயன்றது. (தம் 1945ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றியே அவர் பின்னாளில் எழுதியவை சற்று மிகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் பெங்களூரில் பாரத் எலக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்திற் பங்குகொண்டவர். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’, ‘ஏன் எதற்கு எப்படி’ முதலிய அவரது அறிவியல் எழுத்துகளைப் படிப்போர் முதலில் உணர்வது ஒரு குரலையே. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் பேசுவது போன்ற குரல் அது. தமிழில் அறிவியலை எழுதியோர் பலர் ஆசிரியர் மேடையிலிருந்து இறங்காதிருக்க, இவர் இறங்கினார். கலைச்சொல் கிடைக்கும்வரை காத்திராமல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் இட்டு மேலே நடந்தார். இதனைத் தூய்மையாளர் குறை கூறுவர், நான் கூறேன். என் குறை வேறு. விளக்கம் கடினமாகும் இடத்தில், கணிதம் எட்டிப் பார்க்கும் வேளையில், ஒரு நகைச்சுவை வந்துவிடுகிறது, பத்தி முடிந்துவிடுகிறது. கிளார்க்கு எண்ணைக் கொண்டு வாசகனை நடத்திச் செல்லும் இடத்தில் சுஜாதா அவனைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறார்.

இதனை அவரது ஆற்றற்குறை என்பது பொருந்தாது. அலுவலகம் முடிந்தபின் எஞ்சும் நேரமும், வார இதழ் ஒதுக்கும் பக்கமும், வாசகர் அனுப்பிய கேள்விக்கு விடை என்ற அமைப்பும் கூடி அவ்வடிவத்தை ஆக்கின. தமிழில் அறிவியல் எழுத்துக்கு எப்பொழுதும் வேறெங்கோ இருந்துதான் சோறு வந்திருக்கிறது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீனுக்கு மிசன் சோறிட்டது. சுஜாதாவுக்கு அரசு நிறுவனச் சம்பளம். அச்சம்பளம் இல்லையேல் அவரது அறிவியல் எழுத்தே தோன்றியிராது என்பதையும் மறத்தலாகாது.

எங்கள் கண்டாவளையில் ஒருவர் உளர். கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றிற் சில ஆண்டுகள் வேலை செய்து, அதனை விட்டு ஊர் திரும்பியவர். இப்போது வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணினிச் செயலிகளின் பயன்பாட்டு விளக்கங்களை எழுதுகிறார், கட்டுரைகளும் எழுதுகிறார். யாவும் ஆங்கிலத்தில். கிளார்க்கின் வழியை இணையம் கண்டாவளைக்கும் திறந்துவிட்டது எனலாம். சந்தை மட்டும் இடம் மாறவில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு எம் பிரதேசம் வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின் ஒரு மாலை, “ஏன் தம்பி ஒரேயடியாத் திறந்தவங்கள்?” என்று ஒரு முதியவர் அவரிடம் கேட்டார். அவர் திண்ணையில் அமர்ந்து, குளத்திற்கு வரும் நீர், வெளியேறும் நீர், அணைக்கட்டுத் தாங்கும் அளவு, முன்கூட்டிச் சிறிது சிறிதாகத் திறப்பதன் கணக்கு என்பவற்றை ஒரு குச்சியால் மணலிற் கீறிக் காட்டினார். நகைச்சுவையும் இருந்தது, கணக்கும் விடுபடவில்லை. சுஜாதாவிடம் நான் தேடியதும் கிளார்க்கிடம் கண்டதும் அந்த அரை மணித்தியாலத்தில் ஒன்றாயிருந்தன.

அதனை எழுதித் தருமாறு நான் கேட்டேன். மாதமுடிவுக்குள் இரண்டு விளக்கநூல்கள் அனுப்ப வேண்டும் என்றார்.