டிரைவர் சீட்டின் காது

பெண்கள் பத்திரிகைகளை நாம் கவனமாகப் படித்து, கவனமாகத் திட்டியும் வந்திருக்கிறோம். கோலப் புத்தகம், சமையல் இணைப்பு, மாமியாரைச் சமாளிக்கப் பத்து யோசனை என எல்லாவற்றுக்கும் நம்மிடம் விமர்சனம் உண்டு. ஆண்களின் பொழுதுபோக்கு இதழ்களுக்கு அந்த மரியாதையை நாம் செய்ததில்லை. ஏதோ இயந்திர சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

கப்பலுக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகள் தூத்துக்குடியில் அதிகம். எங்கள் வீடும் அதில் ஒன்று. போன துறைமுகங்களில் எல்லாம் அண்ணன் வாங்கிச் சேர்த்த ‘கார் ஆடியோ அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழ்கள் பரணில் கிடந்தன. 1980களின் இறுதியில் தொடங்கிய அமெரிக்க இதழ் அது. காருக்குள் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஊஃபரும் பொருத்துவதில் பைத்தியம் பிடித்தவர்களுக்கானது. அண்ணனிடம் அப்போது கார் கிடையாது, சைக்கிள்தான். இந்த வகை இதழ்களின் கவர்ச்சி என்ன என்பதற்கு அதுவே பாதிப் பதில். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த நாட்களில் நான் அவற்றை ஒன்று விடாமல் படித்தேன். பிடித்துத்தான் படித்தேன்.

முதலில் பிடித்தது, கேட்பதற்கென்று அவர்கள் உண்டாக்கிக்கொண்ட மொழி. ‘மேடை’ என்பார்கள். நல்ல செட்டில் பாட்டு கதவிலிருந்து வரக் கூடாது. கண்ணாடிக்கு அப்பால், பானட்டின் மேல் ஒரு மேடை விரிய வேண்டும். பாடுகிறவர் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் காட்ட முடிய வேண்டும். ஒரு மேளச் சத்தத்தில் தோலின் அடி எது, உட்கூட்டின் ஆழம் எது என்று பிரித்துக் கேட்கப் பழக்குகிறார்கள். தமிழ்த் துறையில் நாங்கள் ‘ஓசை நயம்’ என்ற தேய்ந்த சொல்லை உருட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்குரூ டிரைவர் பிடித்த ஒருவர் எங்களைவிட நன்றாகக் கேட்டு எழுதியதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டாவது, காரணத்தோடு சொல்லித்தரும் பழக்கம். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியில், பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொடும் அன்று தீப்பிடிக்கும். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், கம்பி எத்தனை கனம் என்று எண்ணாகவே இருக்கும். நம் சமையல் குறிப்பில் ‘உப்பு – தேவையான அளவு’ என்று போடுவார்கள். அது நம் கையை நம்பும் வாசகம் என்பதால் அதை நான் கேலி செய்ய மாட்டேன். வேறொரு வித்தியாசம்தான் என்னை உறுத்தியது. நாம் கற்கும் கைவேலை பெரும்பாலும் அடுத்தவர் நாக்குக்கும் அடுத்தவர் உடம்புக்குமானது. இந்த இதழின் வாசகன் தன் காதுக்காக மட்டுமே கற்கிறான். அவனது செலவுக்கும் உழைப்புக்கும் அவனுடைய இன்பம் ஒன்றே போதுமான காரணமாக இருக்கிறது. இது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். 2000க்குப் பிந்தைய அட்டைகளில் காருக்குப் பக்கத்தில் குறைந்த உடையில் ஒரு பெண் சாய்ந்து நிற்பார். இதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. வீட்டு ஹைஃபை உலகில் ‘மனைவி ஏற்பு அளவு’ என்றொரு நகைச்சுவை உண்டு. 1980களில் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழில் அச்சேறிய சொல் அது: ஸ்பீக்கர் எவ்வளவு பெரிதாக இருந்தால் வீட்டுக்காரி சண்டை போடுவாள் என்ற கணக்கு. அதில் பெண்ணுக்குக் கண் உண்டு, காது இல்லை. அட்டைப் படத்தைவிட எனக்கு இது மோசம்.

ஆனால் உண்மையான கோளாறு படத்திலும் நகைச்சுவையிலும் இல்லை, அளவு நாடாவில் இருக்கிறது. எங்கள் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் வலது கதவு ஸ்பீக்கர் என் காதிலிருந்து 90 சென்டிமீட்டர், இடது கதவு ஸ்பீக்கர் 130. ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அதனால் வலப்பக்கச் சத்தம் 1.2 மில்லி விநாடி முந்தி வந்து, மேடை முழுவதும் வலப்பக்கம் சரிந்துவிடும். மருந்து எளிது. வலது ஸ்பீக்கரை 1.2 மில்லி விநாடி தாமதமாகப் பேசவைத்தால் பாடகர் நடுவுக்கு வந்துவிடுவார். இப்போது பக்கத்து இருக்கையைப் பாருங்கள். அங்கே இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர்தான் பக்கம், அது முன்பே 1.2 முந்தி வந்துகொண்டிருந்தது. வலதையும் நாம் தாமதப்படுத்தியதால் வித்தியாசம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு நிமிர்த்திய மேடை, பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு மடங்கு கோணல்.

1990களின் இதழ்களில் இன்னொரு வழியும் பேசப்பட்டது. கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரைக் குடைந்து ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தால் இரண்டு பக்கத் தூரங்களும் நெருங்கி வரும், இரண்டு இருக்கைக்காரர்களும் ஓரளவு நன்றாகக் கேட்கலாம். அதற்குத் தச்சு வேலை வேண்டும், பொறுமை வேண்டும். டிஜிட்டல் தாமதம் மலிவானதும் பட்டனை அழுத்தி ஒருவரை மட்டும் திருப்திப்படுத்துவது சுலபமாகிவிட்டது. இதழ்கள் இதை முன்னேற்றம் என்றே எழுதின. பின்சீட்டு பேச்சிலேயே இல்லை. ஊஃபர் பெட்டி டிக்கியில், அதாவது பின்னால் உட்காரும் அம்மாவின் பிடரிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த இருக்கையில் அமர்ந்து கேட்டு எழுதிய மதிப்புரை ஒன்று, பரணில் இருந்த எந்த இதழிலும் இல்லை.

அப்படியென்றால் பெண்கள் டிரைவர் சீட்டுக்கு வந்தால் தீருமா? வந்திருக்கிறார்கள். அல்மா கேட்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டி, தம் ஃபோர்டு பிராங்கோ வண்டியோடு ‘டிபி டிராக் ரேசிங்’ போட்டியில் 170 டெசிபலைத் தாண்டியவர். அவரைப் பற்றிப் படித்தபோது கைதட்டத் தோன்றியது. ஆனால் அந்தப் போட்டியில் யாரும் உள்ளே உட்கார்ந்து கேட்பதில்லை. கதவுகளை இறுக்கி, உள்ளே மைக் வைத்து, வெளியே நின்று எண்ணைப் பார்ப்பார்கள். ஒலிப்பதும் பாட்டு அல்ல, சில நொடி நீளும் ஒற்றைச் சுருதி. கேட்கவே முடியாத ஒலிக்காக ஒரு வண்டி. மேடை, ஆழம் என்று நுணுக்கமாகப் பேசிய அதே உலகம் இதையும் கொண்டாடியது.

அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். சங்கு குளிக்கும் ஊரில் காது என்பது விளையாட்டல்ல. ஆழத்தின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்கள் இந்தக் கரையில் எந்தத் தலைமுறையிலும் உண்டு. அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்தும் பெண் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை, உரக்கச் சொல்லிச் சொல்லியே வயதாகிறவள். வயிற்றுப்பாட்டுக்குக் காதை இழந்தவரைப் பார்த்த எனக்கு, கோப்பைக்காக இழப்பதில் வீரம் எதுவும் தெரியவில்லை.

கார் வாங்கியபோது செட் மாட்டப் போன கடையில், “சார் டேஸ்ட் எப்படி மேடம், பாஸ் தூக்கலா வேணுமா?” என்று கேட்டார்கள். வண்டி என் சம்பளத்தில் வாங்கியது. இருக்கையை முன்னால் தள்ளி உட்காரும் குள்ளமான என் காதுக்கு நானே டேப் பிடித்து அளந்தேன். அமெரிக்க இதழின் இடது நமக்கு வலது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தாமதத்தைப் பாதியளவே வைத்தேன், 0.6. மேடை எனக்குக் கொஞ்சம் வலப்பக்கம் சரிந்துதான் இருக்கிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவருக்கும் பாட்டு பாட்டாகக் கேட்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, தன் அம்மா போகும் வேனைப் பற்றிச் சொன்னாள். விடியுமுன் உப்பளத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் அது. பெரிய ஸ்பீக்கர்கள் பின்னால், பெண்கள் உட்காரும் இடத்தில். “எய்யா, பாட்டக் கொஞ்சம் கொறையேன்” என்றால், “பாட்டு இல்லன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்க்கா” என்பாராம் டிரைவர். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்த நேரத்தில் அவர் கண் அசந்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து. ஒலியை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தும் ‘ஃபேடர்’ பற்றி நான் சொல்ல, அவள் குறித்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அம்மாவோடு வேனில் ஏறி, டிரைவரிடம் கேட்டு, செட்டின் மெனுவில் தேடி, சத்தத்தை முழுக்க முன்பக்கம் தள்ளிவிட்டாளாம். இரண்டு வருடமாக அந்த செட்டை வைத்திருக்கும் அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது பின்னால் பெண்கள் பேசிக்கொள்வது தனக்குக் கேட்கிறது என்று சொன்னாராம்.