பெருமரபும் மயிலையும்

சென்னை மாநகரை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்து எழுதப்பெற்ற நூல்களுள் அறிஞரால் பெரிதும் எடுத்தாளப்படுவது, சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்டன் சிங்கர் 1972இல் வெளியிட்ட 'வென் எ கிரேட் டிரடிஷன் மாடர்னைசஸ்' என்பதாகும். பெருமரபு ஒன்று புதுமையுறுங்கால் யாது நிகழ்கின்றது என்பதே அந்நூல் எழுப்பும் வினா. அவ்வினாவிற்கு விடை காண ஆசிரியர் தேர்ந்துகொண்ட களம் நம் சென்னை. அதனுள்ளும் மயிலாப்பூரும் அடையாறும் அவர் பார்வையில் முதன்மை பெறுகின்றன. சமூகவியலார் இந்நூலைப் பலகாலும் மதிப்பிட்டுள்ளனர். தமிழ் இலக்கியம் பயின்றோர் நோக்கில் இதனை ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமாகும்.

சிங்கர் தத்துவத் துறையில் பயின்று மானிடவியலுக்கு வந்தவர். சிகாகோவில் இராபர்ட் ரெட்பீல்டு என்னும் பேரறிஞரோடு கூடி உழைத்தவர். மெக்சிக்கோ நாட்டுச் சிற்றூர்களை ஆராய்ந்த ரெட்பீல்டு, நாகரிகம் ஒவ்வொன்றிலும் இருவகை மரபுகள் உள்ளன என்று கொண்டார். கற்றோர் சிலர் சிந்தித்துப் பள்ளிகளிலும் கோயில்களிலும் வளர்ப்பது பெருமரபு. ஊர்மக்கள் தம் வாழ்க்கையில் இயல்பாகக் கைக்கொள்வது சிறுமரபு. 1954இல் இருவரும் இணைந்து நகரங்களின் பண்பாட்டுப் பணி பற்றி எழுதிய கட்டுரை இக்கருத்தை நகரங்களுக்கும் விரித்தது. அக்கருத்தை இந்திய மண்ணில் ஆராய்ந்து பார்க்கவே சிங்கர் 1954-55இல் சென்னைக்கு வந்தார். பின்னர் 1960-61இலும் 1964இலும் மீண்டும் வந்தார்.

வந்தவர்க்கு வழிகாட்டியாய் அமைந்தவர் சென்னைப் பல்கலைக்கழக வடமொழித் துறையின் டாக்டர் வே. இராகவன். அவர்தம் புலமை உலகறிந்தது. அவர் 1944 முதல் மியூசிக் அகாதெமியின் செயலாளராகவும் விளங்கினார். தமிழிசை வேண்டும் என்ற கிளர்ச்சி 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1943இல் தமிழ் இசைச் சங்கமாய்ச் சென்னையில் உருப்பெற்ற காலத்தை நினைவிற் கொண்டால், இச்செய்தி சிறிதன்று என்பது விளங்கும். ஒரு நகரின் பெருமரபு எது என்பதே அந்நகரத்தார்க்குள் வழக்காய் இருந்த நாளில், வழக்காளி ஒருவரின் கைப்பற்றி ஆராய்ச்சியாளர் நகருக்குள் நுழைந்தார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த ஆராய்ச்சியாளரும் யாரேனும் ஒருவர் கைப்பற்றியே நுழைதல் வேண்டும். நுழைந்த வாயில் எது என்பதை ஆராய்ச்சியின் முடிவிலும் மறவாதிருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இனி, சிங்கரின் முறையைப் பாராட்டியே ஆகவேண்டும். பண்பாடு என்பது கண்ணுக்குப் புலனாகாத பொருள். அதனை எங்ஙனம் காண்பது? சென்னை நண்பர்கள் தம் சமயத்தின் இயல்பை விளக்க விரும்பிய போதெல்லாம், ஒரு திருமணத்தையோ உபநயனத்தையோ கோயில் விழாவையோ கதாகாலட்சேபத்தையோ நாட்டியத்தையோ காணுமாறு தம்மை அழைத்தனர் என்பதை அவர் உற்று நோக்கினார். தொடக்கமும் முடிவும், நிகழ்த்துவோரும் காண்போரும், இடமும் காலமும் வரையறுத்த இத்தகைய நிகழ்ச்சிகளையே 'பண்பாட்டு நிகழ்ச்சி' என்று பெயரிட்டு ஆராய்ச்சியின் அலகாகக் கொண்டார். நாடகவியலும் நாட்டார் வழக்காற்றியலும் இன்றும் இவ்வலகைக் கையாளுகின்றன. நூலில் இராதா கிருஷ்ண பஜனைகளைப் பற்றிய பகுதி எளிதில் மறக்கற்பாலதன்று. வாரந்தோறும் நிகழும் பஜனை, திங்கள்தோறும் ஏகாதசி பஜனை, ஆண்டுக்கொருமுறை இராதா கல்யாணம் என்று வகுத்து, பாடுவோர் ஒருவர் காலில் ஒருவர் வீழ்ந்து வணங்கும் காட்சி வரை அவர் பொறுமையுடன் எழுதிச் செல்கின்றார். பகலில் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பணிபுரிவோர் இரவில் கோபியராய் மாறும் விந்தையை அவர் நகையாடவில்லை. அயலார் எழுதிய நூல்களில் இப்பண்பு அரிதே.

ஆயினும், இந்நகரின் பண்பாட்டு நிகழ்ச்சிகளை நிரல்படத் தொகுத்தவருள் சிங்கர் முதல்வரல்லர். அவருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அப்பணி மயிலாப்பூரில் நடந்துவிட்டது. திருஞானசம்பந்தரின் பூம்பாவைத் திருப்பதிகத்தையே குறிப்பிடுகின்றோம். பாம்பு தீண்டி இறந்த வணிகர் மகள் பூம்பாவையின் என்பு நிறைந்த குடத்தின் முன் நின்று, இவ்விழாக்களையெல்லாம் காணாது செல்வதும் முறையோ என்று சம்பந்தர் வினவுவதாகப் பாடல்கள் அமைந்துள்ளன. சேக்கிழார் பெரியபுராணத்தில் அவ்வரலாற்றை விரித்துரைப்பர். பதிகத்தின் பத்திமைச் சுவையை நம்மவர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதன் அமைப்பை மானிடவியலார் கண்கொண்டு நோக்கினார் மிகச் சிலரே.

முதற்பாட்டில் அடியார்க்கு அமுதளித்தல்; அடுத்து ஐப்பசி ஓணம்; கார்த்திகை விளக்கீடு; மார்கழி ஆதிரை; தைப்பூசம்; மாசிக் கடலாட்டு; பங்குனி உத்திரம்; அதன்பின் அட்டமி, பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என ஆண்டு வட்டம் முழுதும் அடங்கிவிடுகின்றது. சேரநாட்டில் ஆவணியில் நிகழும் ஓணம் மயிலையில் ஐப்பசியில் நிகழ்ந்தது என்னும் செய்தியே தனியாராய்ச்சிக்கு உரியது. இஃது வெறும் நாட்குறிப்பும் அன்று. ஒவ்வொரு விழாவிற்கும் இடமும் அதற்குரிய மக்களும் சொல்லப்படுகின்றனர். விளக்கீட்டைக் கொண்டாடுவோர் மகளிர். தைப்பூசத்திற்கு உரியது நெய்யளைந்த சோறு. ஆதிரை நாள் குறிக்கப்படும் பாட்டில் வேல் வல்ல ஆடவர் வாழும் சேரி வருகின்றது. கடலாட்டில் தென்னஞ்சோலை சூழ்ந்த கடற்கரை வருகின்றது. சிங்கர் வகுத்த இலக்கணப்படி காலமும் இடமும் நிகழ்த்துவோரும் காண்போரும் அமைந்த நிகழ்ச்சிகள் இவை. இவற்றை நிரல்படுத்தியவர் கற்றோர் மரபின் தலைமகன். நிரலில் நிற்போரோ சேரியாரும் மனையுறை மகளிரும். இந்நிரலில் பெருமரபு எங்கே முடிகின்றது, சிறுமரபு எங்கே தொடங்குகின்றது?

இவ்வினாவைத் தமிழ்ப்பற்றால் எழுப்புகின்றோம் என்று எவரும் கருதுதல் வேண்டா. ரெட்பீல்டின் அளவுகோலையே கையிற் கொள்வோம். சிந்திக்கும் கற்றோர் குழு, நூல், பள்ளி, கோயில் ஆகிய இவை உள்ள இடத்தில் பெருமரபு உண்டு என்றால், தொல்காப்பியமும் அதன் உரைமரபும், நம்பியாண்டார் நம்பியொடு தொடர்புறும் திருமுறைத் தொகுப்பும், சைவ சித்தாந்த சாத்திரம் பதினான்கும், அவற்றை ஓதுவித்த திருமடங்களும் அவ்வளவுகோலில் எள்ளளவும் குறைவுபடா. சிங்கர் தமிழ்ப் பாடல்களை முற்றும் காணாதவரல்லர். ஆங்காங்கே குறிப்பிடவும் செய்கின்றார். ஆனால் அவர் வாதம் தமிழின்மேல் எழவில்லை. வடமொழி ஊற்றாகவும் தமிழ் அந்நீரை ஊர்மக்கள்பாற் கொண்டுசெல்லும் வாய்க்காலாகவுமே அங்கு நிற்கின்றன. இக்கருத்தின் வேர் எங்குளது என்பதை அறிய டாக்டர் இராகவனின் 'தி கிரேட் இன்டெகிரேட்டர்ஸ்' (1966) என்னும் நூலைக் காண்க. திருவாரூரிற் பிறந்த அப்பேரறிஞர் நாயன்மாரையும் ஆழ்வாரையும் அறியாதவரல்லர், அன்போடு போற்றியவர். எனினும் அவர் நோக்கில் அவ்வருளாளர்கள், முன்னரே உள்ள ஒரு பொருளை மக்கள் மொழியில் பரப்பி நாட்டை இணைத்தோரே ஆவர். வாய்க்காலைப் போற்றுவதும் ஒருவகைப் போற்றுதலே. அஃது ஊற்றெனக் கொள்ளுதல் ஆகாது.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சிங்கர் பணியாற்றிய அதே சிகாகோப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே ஏ.கே. இராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் வெளியிட்டார். சிங்கரின் நூல் அதற்கு ஐந்தாண்டு பிந்தியது. 1973இல் கன்னட வசனங்களைப் பெயர்த்தபோது தம் முன்னுரையில் இராமானுஜன் பெருமரபு சிறுமரபுப் பாகுபாட்டையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். அடுத்த அறையில் இலக்கியம் பயின்றவர் கண்டதைச் சமூகவியலார் தம் நூலின் அடிப்படையாகக் கொள்ளவில்லை.

சென்னையிலும் இதுவே நிலை. சிங்கர் நாட்டியக் கலையின் மறுமலர்ச்சியை ஆராய்ந்து, அடையாற்றில் ருக்மிணி தேவி 1936இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்தைப் பற்றி எழுதுகின்றார். அதே ருக்மிணி தேவியின் முயற்சியால் 1943இல் அதே அடையாற்றில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம் தோன்றியது. சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பிக்க ஐயர் தேடித் தொகுத்த ஏடுகள் அங்கே சேர்ந்தன. ஒரு பெருமரபு புதுமையுற்ற வரலாற்றிற்கு, ஏடு அச்சேறிய அவ்வரலாற்றினும் சிறந்த சான்று வேண்டுமோ? நடனம் மேடைக்கு வந்தது சான்றாயிற்று. ஏடு அச்சுக்கு வந்தது சான்றாகவில்லை. பல்கலைக்கழகத்தின் உள்ளேயும் ரா.பி. சேதுப்பிள்ளை தமிழ்த்துறையின் தலைமையில் இருந்த காலம் அது. அவர்தம் 'தமிழகம் ஊரும் பேரும்' வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊர்ப்பெயர்களைக் கொண்டு குடிமக்களின் வரலாறு கண்ட அந்நூல் தமிழில் எழுந்த ஒருவகைச் சமூகவியலே.

தியாகராயநகரைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். பழைய நீண்ட ஏரியின் படுகையில் 1920களில் எழுந்த அந்நகரில் நடந்து செல்வார்க்குப் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, நாயர் சாலை என நீதிக்கட்சித் தலைவர் பெயர்களே கண்ணிற்படும். நகரின் பெயரும் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரே. அவ்வியக்கம் சிங்கர் நூலில் பெரிதும் அரசியல் எதிர்ப்பாகவே தோன்றுகின்றது. மரபு எது என்பதைப் பற்றிய மாறுபட்ட கருத்தாக அதனைக் கொண்டிருப்பின் நூலின் போக்கே வேறாகியிருக்கும்.

தொழிலதிபர் பதின்மர் மேலும் ஒன்பதின்மரை (19 பேர்) 1964இல் கண்டு உசாவி எழுதிய இறுதிப் பகுதி வேறு தன்மையது. வீட்டில் ஒரு முறை, அலுவலகத்தில் ஒரு முறை என வாழ்க்கையை அறை அறையாகப் பிரித்துக்கொண்டு அவர்கள் முரண்பாடின்றி வாழ்கின்றனர் என்பது அதன் முடிபு. இந்துசமயம் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்ற மாக்சு வெபரின் கருத்திற்கு இது தக்க மறுப்பு. அகம், புறம் என்னும் பாகுபாட்டை இதனோடு ஒட்டிக் காட்ட நம் மாணவர் சிலர் விழைவர். அது வேண்டா. அகம் என்பது வீடன்று.

சிங்கருக்குப் பின் மயிலையை நோக்கியோர் அவர் விட்ட இடங்களைச் சிறிது சிறிதாக நிரப்பினர். மேரி ஹான்காக் 1999இல் ஸ்மார்த்த மகளிரின் இல்லச் சடங்குகளை ஆராய்ந்தார். ஜோன் வாகார்ன் 2004இல் முண்டகக்கண்ணியம்மன் கோயிலைக் கபாலீச்சரத்திற்கு இணையாக வைத்துப் பேசினார். ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2014இல் தமிழ்ப் பிராமணர் நகர்ப்புற நடுத்தர வகுப்பினர் ஆனமையை விளக்கினர். மூன்றும் ஆங்கில நூல்கள். அடையாற்றில் 1971இல் மால்கம் ஆதிசேசையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி, 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) போன்ற நூல்களால் சமூக வரலாற்றைத் தமிழிலேயே எழுதலாம் என்று காட்டியுள்ளார். அவ்வழியிற் செல்வோர் தொகை பெருகுதல் வேண்டும்.

நிற்க. சிங்கரின் பாகுபாடு எவ்விடத்தில் உடைகின்றது என்பதைக் காட்ட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மார்கழி விடியலில் மயிலை மாடவீதிகளில் நடந்த பஜனையில் பாபநாசம் சிவன் பாடியவை கபாலியையும் கற்பகத்தையும் பற்றித் தாமே இயற்றிய தமிழ்ப் பாட்டுகள். பஜனை முறையே வடமொழி, தெலுங்கு, கன்னடம், மராத்தி, தமிழ் எனப் பல மொழிப் பாட்டுகளையும் ஒருங்கே ஏற்பது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில், அறுபத்துமூவர் உலாவில், நாயன்மார் திருவுருவங்களோடு கோலவிழியம்மனும் முண்டகக்கண்ணியம்மனும் எழுந்தருளுகின்றனர்; மயிலையிற் பிறந்தார் என வழங்கும் திருவள்ளுவரும் வாசுகியாரும் எழுந்தருளுகின்றனர். ஆகமம் ஓதும் சிவாசாரியாரும் தேவாரம் ஓதும் ஓதுவாரும் எல்லைக் காவல் தெய்வத்தின் அடியாரும் ஒரே வீதியில் நடக்கின்றனர். இங்கே வடமொழியை எடுத்துவிட்டுத் தமிழைப் பெருமரபின் இருக்கையில் அமர்த்துவதாலும் பயனில்லை என்பதை நம்மவரும் உணர்தல் வேண்டும். இருக்கை ஒன்றே என்னும் எண்ணந்தான் பிழை.

தொல்பொருளாராய்ச்சியும் இங்கே உதவும். சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடலருகே இருந்தது. அருணகிரியார் காலத்தும் அங்ஙனமே இருந்தது என்பர். சாந்தோம் பகுதியில் கிடைத்த துண்டுக் கல்வெட்டுகள் இதற்கு அரண் செய்கின்றன. போர்த்துக்கேசியர் வரவின்பின் பழங்கோயில் அழிய, மேற்கே இன்றுள்ள கோயில் எழுந்தது. ஆகவே சிங்கர் கண்ட பெருமரபு ஆங்கிலக் கல்வியாலும் ஆலையாலும் முதன்முதலாக அசைவுற்ற ஒன்றன்று. கல்லும் இடமும் மாறிய பின்னரும் பதிகத்தின் விழா நிரலைக் கையிற்கொண்டு மீண்டும் நிலைபெற்ற மரபு அது. புதுமையுறுதல் என்னும் சொல்லுக்கு இவ்வரலாற்றையும் உள்ளடக்கிப் பொருள் காணுதல் வேண்டும்.

சமூகவியலார் விழாவைக் கண்டனர், பதிகத்தைப் படித்திலர். தமிழ்த்துறைகளோ பதிகத்தின் அணியையும் யாப்பையும் எண்ணிவிட்டு வீதிக்கு வராமலே நின்றன. எட்டாம் நாட் காலையில் என்பு பூம்பாவையாகும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. அன்று குடத்தைத் தாங்கும் உரிமை யார் குடிக்கு உரியது, பதிகத்தை எப்பண்ணில் யார் பாடுகின்றனர், பாடலின் எந்த இடத்தில் பூம்பாவை உருவம் வெளிப்படுத்தப்பெறுகின்றது, பதிகம் கூறும் பத்து நிகழ்ச்சிகளுள் இன்று மயிலையில் வழங்குவன எவை, வழக்கிழந்தன எவை, கடலாட்டிற்குச் செல்லும் வழி எது, அவ்வழியில் உள்ள மீனவர் குப்பங்கள் அவ்விழாவில் எவ்வுரிமை பெற்றுள்ளன என்பவற்றை, திருமுறை கற்ற மாணவர் ஒருவரும் மானிடவியல் கற்ற மாணவர் ஒருவரும் ஒரே குறிப்பேட்டில் ஓராண்டு முழுதும் எழுதி வருவாராயின், அதுவே ஒரு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் போதிய பொருளாகும்.