கோப்பையில் எழுத்து! கரையில் கண்ணீர்!

பழவேற்காடு! ஏரியும் கடலும் கைகோத்துக் கிடக்கும் நிலம். விடியுமுன்னே வலை தூக்கும் மீனவர் வாழும் குப்பங்கள். 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கோட்டைக்குப்பம் என்ற ஊர்ப்பெயரில்தான் கோட்டை இன்னும் வாழ்கிறது. எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் இரு எலும்புக்கூட்டு உருவங்கள். அவற்றுள் ஒன்று மணற்கடிகையைத் தாங்கி நிற்கிறது. கண்ணாடிக் குடுவையில் மணல் வடிவதுபோல் வாழ்வும் வடியும் என்பது அதன் பொருள்.

கல்லிலே செதுக்கிய அந்தக் கண்ணாடியைக் கண்டதும் நம் நினைவு கடல் கடந்து செல்கிறது. அங்கே உறங்குவோரின் தாயகத்தில், அதே 17ஆம் நூற்றாண்டில், கண்ணாடியே ஏடாயிற்று, வைரமுனையே எழுத்தாணியாயிற்று.

அன்னா ரூமர்ஸ் விஸ்ஸர் என்ற பெண்பாற் புலவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தார். பச்சை நிற மதுக்கோப்பைகளின்மீது வைரமுனையால் அழகிய வளைவெழுத்துகளையும் மலர்களையும் பூச்சிகளையும் கீறினார். 1621ஆம் ஆண்டு பொறித்த அவரது கோப்பையொன்று அந்நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விஸ்ஸர் என்ற சொல்லுக்கு அவர் மொழியில் மீனவர் என்று பொருள்! பெண்ணின் கைத்திறன் அடுப்படியோடு முடிய வேண்டும் என்று உலகம் எண்ணிய நாளில், தன் பெயரைக் கண்ணாடியில் பொறித்த அந்தக் கையை நாம் வணங்குகிறோம்.

அக்கலையின் அருமை எது? கண்ணாடி மன்னிப்பதில்லை. தாளில் தவறினால் அழிக்கலாம். கண்ணாடியில் விழுந்த கீறல் விழுந்ததுதான். பின்னர் வந்த பிரான்ஸ் கிரீன்வுட் கோடுகளையும் விட்டார். வைரமுனையால் புள்ளி புள்ளியாகத் தட்டியே முகங்களை எழுப்பினார். புள்ளிகள் நெருங்கிய இடம் ஒளி, விலகிய இடம் நிழல். மூச்சு பட்டாற்போல் தோன்றும் அவ்வுருவம், கோப்பையைச் சற்றே திருப்பினால் மறைந்துவிடும். அடக்கமே அழகென்று காட்டும் வேலை அது.

எனாமல் வண்ணம் வேறு வழி செல்வது. கண்ணாடிப் பொடியில் உலோக உயிரகைகளைக் கலந்து, தூரிகையால் தீட்டி, சூளையில் சுடுகிறார்கள். கோபால்ட் நீலம் தரும். வெள்ளீயம் வெண்மை தரும். கோப்பை உருகுமுன் வண்ணம் உருகி அதனோடு ஒன்றிவிட வேண்டும். சூடு குறைந்தால் வண்ணம் உதிரும். மிகுந்தால் கோப்பை சாயும். எனினும், கோப்பை முழுவதையும் வண்ணத்தால் மூடும் வேலையை நாம் போற்ற மாட்டோம். ஒளி புகாத கண்ணாடிக்குக் கண்ணாடி என்ற பெயர் எதற்கு?

இக்கரையில் கலை இல்லாமலா இருந்தது? அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகள் கடல் கடந்து சென்றவை. டச்சுக்காரர் பழவேற்காட்டுக்கு வந்ததே நம் துணிகளுக்காகத்தான். சாயவேரின் சிவப்பைப் படிகாரத்தின் துணையால் நூலுக்குள்ளே புகுத்தினார்கள் இக்கரைத் தொழிலாளர்கள். நெருப்பு கண்ணாடியில் செய்ததைப் படிகாரம் பருத்தியில் செய்தது. அன்னாவின் பெயர் நிலைத்தது. அந்தத் துணியைத் தீட்டிய கைகளில் எந்தக் கையின் பெயர் நிலைத்தது?

வைரம் எங்கிருந்து வந்தது? 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தையின் வைரம் பெரும்பாலும் இந்திய மண்ணில் தோண்டியதே. சுரங்கத்தில் குனிந்தவன் கண்டது வியர்வை. கோப்பையை ஏந்தியவன் கண்டது கவிதை!

இன்னும் கொடுமை ஒன்றுண்டு. 1620களில் பஞ்சம் வாட்டியபோது, பசித்த மக்களை விலைக்கு வாங்கிப் பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினர் அந்த வணிகர்கள். துணி சென்ற துறையிலிருந்து மனிதரும் சரக்காகச் சென்றனர். அந்நூற்றாண்டைப் பொற்காலம் என்று புகழ்கின்ற திறனாய்வாளரைக் கேட்கிறோம்: பொன் யாருக்கு? காலம் யாருக்கு?

ஆகவே அக்கோப்பையை உடைத்தெறி என்கிறோமா? இல்லை. அழகின்மீது நமக்குப் பகை இல்லை. அன்னாவின் கை யாரையும் விற்கவில்லை. ஆனால், அழகாய் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடும் திறனாய்வு பாதித் திறனாய்வு. யார் கை செய்தது, யார் இழப்பில் செய்தது என்றும் கேட்பதே முழுத் திறனாய்வு.

இதைக் கேட்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டில் இன்றும் பெண்கள் பனையோலையைக் கிழித்து, சாயமேற்றி, பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். கல்லறையைக் காண வருவோர் அவற்றைக் கையிலெடுத்து, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். முடைந்தவரின் பெயரைக் கேட்பவர் எத்தனை பேர்?

நண்பர்களே, நீங்கள் அங்கே சென்றால், கல்லறை வாயிலின் மணற்கடிகையைப் பாருங்கள். பின்னர் ஓலை முடையும் அம்மையிடம் செல்லுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரைப் பெட்டியின் அடியில் எழுதி வையுங்கள்.