கனிந்த குரல்

எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் ‘ஆயிரம் நிலவே வா’ 1969இல் வந்தபோது அவருக்கு வயது 22. தெளிந்த, இளமை ததும்பும் குரல். 1982இல் ‘இளைய நிலா’வில் அதே குரல் கிதாருக்கு வழிவிடக் கற்றிருந்தது. தந்திகள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அவற்றின்மேல் மிதந்து வரும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே 1995இன் ‘மலரே மௌனமா’தான். ஐம்பதை நெருங்கிய அவரும், அறுபதை நெருங்கிய எஸ். ஜானகியும்! எத்தனை தாழ்ந்த சுருதியில், எவ்வளவு அடக்கமாக! உரக்கப் பாட முடிந்த இருவர் மூச்சளவில் பாடுகிறார்கள். இருபது வயதில் யாருக்கும் அந்த நிதானம் வாய்க்காது. பாலசுப்ரமணியம் 2020இல் மறைந்தார்; அந்தப் பாட்டைக் கேட்கும்போது இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.