மஞ்சளும் மறதியும்: பாதியில் நின்ற கதை

போன வாரம் பெரியம்மா ஒரு கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. "மஞ்சள் பால் குடிச்சா மூளை செல் சாகாதாம், மறதி நோய் வராதாம். நெசமாடா?" என்று ஒரு கேள்வியும் கூட. படித்துப் பார்த்தேன். அதில் பொய் என்று எதுவும் இல்லை. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் பாதி இது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஒரு ஆன்டிஆக்ஸிடென்ட். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் திரள்வதை அது சோதனைக் குழாயில் தடுக்கிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் மூளையிலும் படிவு குறைந்தது. நம்பிக்கை பிறந்ததில் தப்பே இல்லை.

கட்டுரை சொல்லாமல் விட்டது மனிதர்களைப் பற்றி. 2008-ல் வெளியான ஹாங்காங் ஆய்வில் 34 நோயாளிகளை வைத்து 6 மாதம் சோதித்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36 பேர், 24 வாரம், தினமும் 2 அல்லது 4 கிராம். இரண்டிலும் பலன் தெரியவில்லை. காரணம் புரியாத ஒன்றல்ல. குர்குமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் ஈரல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மூளை வரை போய்ச் சேர்வது சொற்பம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 2 கிராம் வேண்டுமென்றால் 65 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். பாலில் நாம் போடுவது ஒரு சிட்டிகை!

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வெளியான ஆய்வில் எளிதில் உறிஞ்சப்படும் வகைக் குர்குமினை 40 பேரை வைத்து 18 மாதம் சோதித்ததில், அதை எடுத்தவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. ஆனால் அவர்கள் யாருக்கும் டிமென்ஷியா இல்லை. 40 பேரை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து சொல்லவும் முடியாது.

இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு ஆறு மாசமாகப் பேர்கள் மறந்துபோகின்றன. டாக்டரிடம் இன்னும் போகவில்லை, பால்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பி12 குறைவாலோ தைராய்டு கோளாறாலோ வரும் மறதி என்றால், நேரத்தோடு கண்டுபிடித்தால் சரியாக வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தைத்தான் பாதிக் கதை தின்றுவிடுகிறது.

பெரியம்மாவுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "பால் குடுங்க, தப்பில்ல. ஆனா இந்த வாரமே பெரியப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன்."